சுவரே இயந்திரமான வீடு

இங்கிலாந்தில் தெற்கு யார்க்‌ஷயர் பகுதியில் எல்சிகர் என்றொரு சிற்றூர். நிலக்கரியை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே உயரமாக, குறுகலாக ஒரு கல் கட்டடம். மேல்தளத்திலிருந்து பெரிய வார்ப்பிரும்பு உத்தரம் ஒன்று சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1795-இல் எழுந்த எஞ்சின் வீடு இது. நியூகோமன் வகை நீராவி எஞ்சின்களில், முதலில் நிறுவிய இடத்திலேயே இன்றும் நிற்பது உலகில் இது ஒன்றுதான்.

சுரங்கத்தில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். இறைக்காவிட்டால் குழி மூழ்கிவிடும். இதற்காகத் தாமஸ் நியூகோமன் 1712-இல் டட்லி அருகே ஓட்டிக் காட்டியதுதான் இந்த வகை எஞ்சின். பெயர்தான் நீராவி எஞ்சின். பாரம் தூக்குவது காற்று!

உத்தரம் ஏற்றமரம்போல நடுவில் தாங்கி நிற்கிறது. வெளிமுனையில் தொங்கும் பம்புத் தண்டுகளின் எடை அந்த முனையைக் கீழே இழுக்க, உள்முனையோடு பிஸ்டன் மேலேறும். சிலிண்டரில் நீராவி நிறையும். அப்போது உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சட்டென்று நீராகிச் சுருங்க, பிஸ்டனுக்கு அடியில் ஏறத்தாழ வெற்றிடம். மேலேயுள்ள காற்று பிஸ்டனை அமுக்கும், மறுமுனை உயரும், சுரங்கத்து நீரும் மேலே வரும். எல்சிகரில் 1801-இல் பொருத்திய சிலிண்டரின் விட்டம் 48 அங்குலம். முழு வெற்றிடம் கிடைத்தால் அதன்மேல் காற்றின் அழுத்தம் சுமார் 12 டன். நடைமுறையில் பாதி கிடைத்தாலே அதிகம்.

ஒவ்வொரு வீச்சிலும் சிலிண்டரைச் சூடாக்கிக் குளிரவைப்பதில் கரி ஏராளமாக வீணாகும். இதற்கு மாற்றாக, நீராவியைச் சிலிண்டருக்கு வெளியே குளிர்விக்கும் தனிக் குளிர்கலனுக்கு ஜேம்ஸ் வாட் 1769-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு ஏன் 1795-இல் பழைய வகை? விலைபோகாத தூள்கரி சுரங்க வாசலிலேயே குவிந்து கிடக்கும். வாட் எஞ்சின் என்றால் காப்புரிமைப் பணமும் கட்ட வேண்டும். அந்த இடத்துக்கு அது சரியான கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டை வெறும் கூரை என்று நினைத்துவிடக் கூடாது. உத்தரத்தின் அச்சு உட்கார்ந்திருப்பதே முன்சுவரின் மேல். ஒவ்வொரு வீச்சின் பாரமும் அந்தக் கல்லில்தான் இறங்கும். எஞ்சினுக்கென்று தனிச் சட்டகம் கிடையாது, வீடுதான் சட்டகம்.

1923-இல் மின்பம்புகள் வந்ததும் இதற்கு ஓய்வு கொடுத்தார்கள். 1928-இல் வெள்ளம் புகுந்து மின்பம்புகள் செயலிழந்தபோது கிழ எஞ்சினை மறுபடி வேலைக்கு அழைத்தார்கள். 2014-இல் புதுப்பித்தபின், பார்வையாளர்களுக்காக அதை அசைத்துக் காட்டுவது ஹைட்ராலிக் அமைப்பு.