எச்சரிக்கை உங்க போனுக்கு வந்துடுச்சு, அப்பத்தாவுக்கு வந்ததா?

மதியம் 12 மணி. நீங்கள் சென்னையில் ஏசி அறையில் இருக்கிறீர்கள். கையில் இருக்கும் போனில் ஒரு செய்தி மின்னுகிறது: ‘சிவகங்கை மாவட்டத்தில் வெப்பம் இயல்பைவிட அதிகமாக இருக்கும்.’ பார்க்கிறீர்கள், விரலால் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள்.

அதே நேரத்தில் கீழச்சிவல்பட்டியில் உங்கள் அப்பத்தா குடையைக்கூட எடுக்காமல் ரேஷன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

திருப்பத்தூரில் இருந்து திருமயம் போகும் வழியில் இருக்கும் இந்த ஊரிலும் சுற்றுவட்டாரச் செட்டிநாட்டு ஊர்களிலும் இது சாதாரணக் காட்சி. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். பெரியவர்கள் ஊரில் தனியாக இருக்கிறார்கள். ஸ்மார்ட்போன் ஓர் இடத்தில், வெயில் இன்னோர் இடத்தில். இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

‘இந்த வெயிலு எனக்குப் புதுசா?’

போன் செய்து எச்சரித்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன.

ஒன்று, வெயில். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. உலக அளவில் இதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஆண்டு 2024. ‘முக்கால் டிகிரி கூடினால் என்ன?’ என்று தோன்றலாம். சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே மிகக் கடுமையான வெயில் நாட்களின் எண்ணிக்கை கூடிவிடும். இரவிலும் சூடு தணியாத நாட்கள் அதிகமாகும். பகலில் சூடேறிய உடம்புக்கு இரவுதான் ஓய்வு. அந்த ஓய்வு கிடைக்காவிட்டால் மறுநாள் வெயிலைத் தாங்கும் சக்தி குறையும்.

இரண்டாவது, அப்பத்தாவின் வயது. முப்பது வயதில் தாங்கிய வெயிலை எழுபத்தைந்தில் உடம்பு தாங்காது. வயதானவர்களுக்கு வியர்வை குறைவு, தாக உணர்வும் குறைவு. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் உடம்பில் உள்ள நீரை வெளியேற்றும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ, கோடையில் என்ன கவனம் வேண்டும் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பெரிய வீடும் தகர வீடும்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வெளிநாட்டில் இருந்தெல்லாம் வருகிறார்கள். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, ஓடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று மேலே ஏறி முற்றம் வழியாக வெளியேறும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால் வைத்தாலே குளிர்ச்சி தெரியும். ஏசி வருவதற்கு முன்பே வெயிலுக்கு விடை தேடிய வீடுகள் இவை.

ஆனால் ஊரில் எல்லோரும் பெரிய வீட்டில் இல்லை. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வெயிலை வாங்கி நேராக உள்ளே இறக்கும். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விடும். இப்படிப்பட்ட வீடு என்றால் செலவு குறைந்த சில வழிகள் உண்டு. கான்கிரீட் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பலாம். அடுப்புப் பொறி படாத இடமாக இருக்க வேண்டும். மேற்கு ஜன்னலை மதியத்திலேயே மூடி, சூரியன் இறங்கிய பிறகு திறக்கலாம். இன்னொன்று: வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் போதாது. அது சூடான காற்றையே உடம்பின் மேல் தள்ளும். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட வேண்டும்.

நிறத்தைப் படிக்கத் தெரியுமா?

இந்திய வானிலை ஆய்வு மையம் நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது.

- பச்சை: எச்சரிக்கை இல்லை.
- மஞ்சள்: கவனமாக இருங்கள், அடுத்தடுத்த தகவலைப் பாருங்கள்.
- ஆரஞ்சு: தயாராக இருங்கள்.
- சிவப்பு: உடனே நடவடிக்கை எடுங்கள்.

‘வெப்ப அலை’ என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும். அத்துடன் இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடியிருக்க வேண்டும். இயல்பு 37 என்றால் 41.5 வந்தால்தான் கணக்கில் வரும். 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் இயல்பைப் பார்க்காமலே வெப்ப அலைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 39 டிகிரியும் காற்றில் புழுக்கமும் சேர்ந்த நாள், கணக்குப்படி வெப்ப அலையாக இல்லாமல் போகலாம். அப்பத்தாவின் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. எனவே சிவப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மஞ்சள் வந்தாலே ஒரு போன் போடுங்கள்.

போனில் இருக்க வேண்டிய செயலிகள்

1. டிஎன் அலர்ட்: தமிழ்நாடு அரசின் செயலி. உங்கள் இடத்துக்கான அடுத்த 4 நாள் வானிலை, மழை அளவு, நீர்த்தேக்க நிலவரம், வெள்ள எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம்.
2. சச்சேத்: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் செயலி. நீங்கள் இருக்கும் இடம் மட்டுமல்ல, வேறு மாவட்டத்தையும் தேர்வு செய்து எச்சரிக்கை பெறலாம். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியம்.
3. மௌசம்: வானிலை ஆய்வு மையத்தின் செயலி.
4. தாமினி: மின்னலுக்கான செயலி. உங்களைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் ஆபத்து இருந்தால் சொல்லும்.

மாவட்டத்தைத் தேர்வு செய்யும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. கீழச்சிவல்பட்டி திருப்பத்தூர் வட்டத்தில் இருக்கிறது என்பதால் ‘திருப்பத்தூர்’ என்று தேடித் தொட்டுவிடாதீர்கள். அது 2019-இல் வேலூரில் இருந்து பிரிந்த மாவட்டம். உங்களுக்கு வேண்டியது சிவகங்கை மாவட்டம். தப்பான மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், ஜோலார்பேட்டை மழைக்கு நீங்கள் கீழச்சிவல்பட்டிக்குப் போன் போட வேண்டியிருக்கும்!

அப்பத்தாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறதா? அந்தப் பகுதிக்கு அரசு அனுப்பும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி பட்டன் போனுக்கும் வரும். ஆனால் கண்ணாடி போட்டு அதைப் படிப்பது யார்? பக்கத்து வீட்டில் ஒருவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு எனக்கு மெசேஜ் போடுங்க’ என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

ரேஷன் கடைக்கு அவர் நடக்க வேண்டுமா என்பதையும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘தாயுமானவர்’ திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்கள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் அட்டை அதில் சேருமா என்று கடையிலேயே கேட்கலாம்.

உடம்பு சொல்லும் அறிகுறி

முதல் கட்டம்: அதிக வியர்வை, தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, வாந்தி வருவது போன்ற உணர்வு. உடனே நிழலுக்கு அழைத்து வந்து, உப்பு சேர்த்த மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு என ஏதாவது கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் உறையில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில், வழக்கமாக 1 லிட்டரில், முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டால் உப்பின் அளவு மாறிவிடும்.

இரண்டாம் கட்டம்தான் வெப்பவாதம்: உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டும். பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, சிலருக்கு வியர்வையே நின்றுவிடும். இது உயிர் போகும் நிலை. செய்ய வேண்டியவை:

- 108-க்கு உடனே அழையுங்கள்.
- வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பைக் குளிர வையுங்கள். தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வையுங்கள்.
- நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும்.
- காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது.

‘கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்’ என்று விட்டுவிடும் அந்த அரை மணி நேரம்தான் ஆபத்தானது.

வெயில் முடிந்தால் மழை

சூடான காற்று அதிக ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல். அதனால்தான் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கும்.

‘நமக்குக் கடல் இல்லையே, புயல் என்ன செய்யும்?’ என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டது.

செட்டிநாட்டில் மழைநீர் முற்றத்தில் இறங்கி, அண்டாவிலும் கிணற்றிலும் சேர்ந்தது. ஊரில் பெய்தது வரத்துக்கால் வழியே ஊரணிக்குப் போனது. அந்த வரத்துக்கால் அடைபட்டால் அதே தண்ணீர் தெருவுக்கு வரும். ஐப்பசிக்கு முன் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, ஊராட்சியிடம் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் 1100-இல் புகார் பதியலாம். பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளின் ஊறிய சுவர் ஓரமாக மழை நாளில் நிற்காதீர்கள்.

கோடை மழையில் மின்னலும் வரும். இடிச் சத்தம் கேட்டாலே நீங்கள் மின்னல் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். மரத்தடி வேண்டாம், வயல்வெளி வேண்டாம். உறுதியான கட்டிடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.

ஒரு தீக்குச்சி

காட்டுத் தீ என்றால் குரங்கணி நினைவுக்கு வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேடு நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. கோடையில் பிரான்மலை போன்ற மலைகளுக்குப் போகிறவர்கள் தீப்பெட்டியும் சிகரெட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். ஊருக்குள்ளும் இதே கதைதான். சாலையோரக் குப்பைக்கோ கருவேலம் புதருக்கோ வைக்கும் தீ, காற்றடித்தால் வைக்கோற்போருக்குப் போகும். தீயணைப்புக்கு 101 அல்லது 112.

இழப்பு நேர்ந்துவிட்டால்

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்பத் தாக்கத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியில் இருந்து 4 லட்சம் ரூபாய் வழங்கப்படும். ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று உரிய அதிகாரியின் சான்று வேண்டும். ‘வயசாச்சு, போயிட்டாங்க’ என்று எந்தப் பதிவும் இல்லாமல் முடித்துவிட்டால், பின்னால் நிரூபிப்பது கடினம். மருத்துவமனைப் பதிவு இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே தகவல் சொல்லுங்கள்.

வீடு சேதம் என்றால், சுத்தம் செய்வதற்கு முன் போனில் படம் எடுங்கள். பயிர்க் காப்பீடு செய்த வயலில் தண்ணீர் நின்று பயிர் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் 14447-இல் சொல்ல வேண்டும். சான்றிதழ்கள் நனைந்தால் தவிக்காமல் இருக்க இன்றே டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள்.

சேமித்து வைக்க

- மாநிலக் கட்டுப்பாட்டு அறை: 1070
- மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077
- ஆம்புலன்ஸ்: 108
- மருத்துவ ஆலோசனை: 104
- மின்தடை, அறுந்த கம்பி: மின்னகம், 94987 94987

இந்த எண்களை உங்கள் போனில் மட்டும் சேமித்தால் போதாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அப்பத்தா வீட்டு காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்கு முன்னால், இப்போதே ஒரு போன் போடுங்கள். ‘தண்ணி குடிச்சீங்களா அப்பத்தா?’ என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.