மலையில்லா நாட்டின் கலைமலை

மருத நிலத்துக்கு மலை அயலானது. தஞ்சைத் தரணியில் பிறந்து வளர்ந்த மாணவர்க்குக் குறிஞ்சி என்பது ஏட்டில் படித்த திணையேயன்றி நாள்தோறும் கண்ணாற் காண்பதன்று. அத்தகைய நாட்டில் ஓர் ஊர் தன் பெயரிலேயே மலையைத் தாங்கி நிற்கின்றது. கும்பகோணம் மாநகருக்கு மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், காவிரிக் கரையில் அமைந்த சுவாமிமலையே அவ்வூர்.

அங்குச் சென்று மலையைத் தேடுவோர் சற்றே ஏமாறுவர். வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே நிற்பது மனிதர் எழுப்பிய கட்டுமலை. தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர் தாங்கிய 60 படிகள் ஏறினால் உச்சியை அடைந்துவிடலாம். அறுபடை வீடுகளுள் நான்காவதான ஏரகம் இதுவே என்பது வழக்கு. திருமுருகாற்றுப்படைக்கு உரைகண்ட நச்சினார்க்கினியரோ ஏரகத்தை மலைநாட்டுத் திருப்பதியாகக் கொண்டார். அந்த ஆராய்ச்சியைப் புலவர் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். படியேறாமலே காணத்தக்கதாய் இவ்வூர்த் தெருக்களில் வாழும் செப்புத்திருமேனி வார்ப்புக் கலையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருவ வழிபாடு இல்லாத நமக்கு இதில் என்ன தொடர்பு என்று நம் மாணவருள் சிலர் வினவக்கூடும். வணக்கம் அவரவர் நெறியைச் சார்ந்தது. கைத்திறனை அறிதல் கல்வியைச் சார்ந்தது. அய்யம்பேட்டை, பண்டாரவாடை, இராசகிரி ஆகிய ஊர்களில் வாழும் நம் குடும்பத்தார் கும்பகோணத்துக்குப் போகவர இவ்வூரின் ஓரமாகவே தலைமுறை தலைமுறையாகச் சென்று வருகின்றனர். அண்டையில் இருப்பவர் என்ன தொழில் செய்கின்றார் என்பதையேனும் அறிந்திருக்க வேண்டாவா?

இத்தொழில் ஓலையில் தொடங்குகின்றது. செய்யவேண்டிய திருமேனியின் உயரத்துக்குத் தென்னையோலை நறுக்கு ஒன்றை எடுத்து, அதனை மடித்து மடித்து அளவுகளைக் குறித்துக்கொள்வர். முகத்தின் நீளம் ஒரு தாளம். சிற்ப நூல்கள் கூறும் உத்தம தசதாள முறையில் முழு உயரம் 124 கூறுகளாகப் பகுக்கப்படும். நெற்றி இத்தனை கூறு, மூக்கு இத்தனை கூறு என்பது ஸ்தபதியின் நினைவில் நிற்கும். ஒரு சாண் உருவமாயினும் ஓராள் உயர உருவமாயினும் மடிப்பின் கணக்கு மாறுவதில்லை.

அடுத்தது மெழுகு. தேன்மெழுகுடன் குங்கிலியமும் கடலையெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, தலை, உடல், கைகால் எனத் தனித்தனியே உருவாக்கி, சூடேற்றிய இரும்புக் கருவியால் ஒட்டி இணைப்பர். இவ்வாறு முடிந்த மெழுகுருவத்தின்மீது மண் பூசப்படும். முதற்பூச்சு காவிரியின் நுண்ணிய வண்டல். நகக்கண்ணின் கோட்டைக்கூட அது விடாமல் பற்றிக்கொள்ளும். இரண்டாம் பூச்சு மணல் கலந்த வயல் களிமண். மூன்றாவது, பருமணல் மிகுந்த கனத்த பூச்சு. பெரிய உருவமாயின் இரும்புக் கம்பியால் வரிந்து கட்டுவர். ஆக, நெல் விளையும் மண்ணே இங்குச் சிலைக்கும் கருப்பையாகின்றது.

மண் நிழலில் உலர்ந்தபின் வறட்டி மூட்டிச் சுட, உள்ளிருக்கும் மெழுகு உருகித் துளை வழியே வெளியேறும். எஞ்சுவது வெற்றிடம். அச்சை வாய் மட்டும் தெரியும்படி நிலத்தில் புதைத்து, உருகிய ஐம்பொன்னை இடைவிடாமல் ஊற்றுவர். செம்பே அதில் பெரும்பகுதி. பித்தளையும் ஈயமும் சேர, வெள்ளியும் பொன்னும் சிறிதளவே இடம்பெறும். மெழுகின் எடையைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும். ஊற்றுவது நடுவில் ஒரு கணம் தடைப்பட்டாலும் பல வார உழைப்பு வீணாகும்.

இவ்வாறு முழுதும் உலோகமாக வார்ப்பதைக் கனம் என்றும், உள்ளே கூடுவிட்டு வார்ப்பதைப் பொள்ளல் என்றும் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் வேறுபடுத்திக் கூறுகின்றன. திருமேனியின் உயரத்தை முழத்தாலும் விரலாலும் அளந்து, கைகளின் எண்ணிக்கையோடு அவை பதிவு செய்துள்ள துல்லியம் இன்றைய அருங்காட்சியகப் பதிவேடுகளுக்கும் முன்மாதிரி எனலாம்.

உலோகம் ஆறியபின் அச்சு உடைக்கப்படும். மெழுகு முன்பே அழிந்தது. இப்போது மண்ணும் அழிகின்றது. ஆகவே ஒரு வார்ப்புக்கு ஓர் உருவமே உண்டு. அதே அச்சில் இரண்டாவதைப் பெற இயலாது. அரத்தாலும் உளியாலும் செம்மை செய்யும் பணி இதன் பின்னரே தொடங்கி, வார்ப்பைவிட நெடுநாள் நீளும்.

இத்திறனுக்கு ஒரு கசப்பான சான்றும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சோழர்கால நடராசர் திருமேனி, செப்பனிடுவதற்காகக் கொடுக்கப்பட்டபோது, அதன் போலி ஒன்று வார்க்கப்பட்டு ஊருக்குத் திரும்பியது. மூலமோ அமெரிக்கா வரை சென்று, நெடிய முயற்சிக்குப் பின் 1986-இல் இந்தியா வந்தது. வழிபட்டோர் வேறுபாடு அறியாத அளவுக்குக் கைத்திறன் இருந்தது. ஆயினும் கலையறிஞர் கண்ணுக்கு அது தப்பவில்லை. இன்று புதிய சிலையை வெளிநாடு கொண்டுசெல்வோரும், அது தொன்மைப் பொருளன்று எனத் தொல்லியல் துறையிடம் சான்று பெறவேண்டியிருப்பது இத்தகைய நிகழ்ச்சிகளின் நிழலே.

பெருமைக்குரிய செய்தியும் உண்டு. 2023-இல் புதுதில்லி பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசர் சுவாமிமலைச் சிற்பிகளின் படைப்பு; எடை ஏறத்தாழ 18 டன். மெழுகு வைத்து வார்க்கும் அதே பழைய முறைதான் அதற்கும் கைகொடுத்தது. இவ்வூரின் செப்புத்திருமேனிகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

ஆயினும் குறியீட்டைச் சட்டம் காக்கும். வண்டலை யார் காப்பது? 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் ஆறு சுமந்துவரும் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. கீழே ஆற்றுப்படுகை மணலுக்காகத் தோண்டப்படுகின்றது. பாசனத்தைப் பற்றிய கேள்வியாகவே நாம் இதனைப் பேசுகின்றோம். முதற்பூச்சு மண்ணைப் பற்றிய கேள்வியும் இதுவே. அச்சைச் சேமித்து வைக்கவியலாத கலையில், கற்றுக்கொள்ள ஓர் இளைஞன் அருகில் அமராவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது நூலில் உள்ள அளவுகள் மட்டுமே.

சுவாமிமலைக்குக் கும்பகோணத்திலிருந்து நகரப் பேருந்து உண்டு. இருப்புப்பாதை நிலையமும் உண்டு. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் வார்ப்பு நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று. வார்ப்பு இல்லாத நாளாயினும் வருந்தவேண்டா. பட்டறைத் திண்ணையில் எவரேனும் ஒருவர் ஓலை நறுக்கை மடித்துக்கொண்டிருப்பார்.