பூட்டிய பெட்டிக்குள் ஓர் எட்டு: டாலி எம் இரவும் ராகலைப் பிற்பகலும்

பன்னிரண்டாவது சுற்று முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். அதுவரை வாராவாரம் வெளியே வந்த புள்ளிக்கணக்கு அத்தோடு நின்றுபோகும். பிறகு யார் முன்னால், யார் பின்னால் என்பது ஒரு சிலருக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் வீட்டில்கூட வாயைத் திறக்கக் கூடாது. பதினைந்து சுற்று இருட்டு! செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ சிட்னியில் ஒரே இரவில் அத்தனையையும் சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் படிப்பார்கள். அதுதான் டாலி எம். அவுஸ்திரேலிய ரக்பி லீக்கில் அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதைச் சொல்லும் பதக்கம். 1980 முதல் கொடுத்து வருகிறார்கள்.

இதில் எங்கள் மலையகத்து ராகலைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அக்கா மகன் சிட்னியில் இருக்கிறான், அவ்வளவுதான் வேலை. சிட்னிக்கு மேற்கே வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி என்று போகும் புறநகர்களில் முருங்கைக்காயும் கிடைக்கும், நம் பாஷையும் காதில் விழும். அந்தப் பக்கம் குடியேறுகிறவன் தலையில் வாடகை வீட்டோடு சேர்த்துப் பரமட்டா ஈல்ஸ் அணியையும் கட்டிவிடுகிறார்கள். பாவப்பட்ட அணி. 1986இல் கிண்ணம் வாங்கியதோடு சரி. 2022இல் இறுதி ஆட்டம் வரை வந்து, பக்கத்து ஊரான பென்ரித்திடம் 28–12 என்று தோற்றார்கள். கிண்ணம் கிடைக்காத ஊர்க்காரனுக்கு விருதுச் சண்டைதான் மிச்சம். அந்தச் சண்டையை மருமகன் வாட்ஸ்அப் வழியாக எங்கள் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். அங்கே இரவு ஏழரை என்றால் இங்கே பிற்பகல் மூன்று மணி. பனி இறங்குகிற நேரம். பிளேன்டீயும் வடையுமாக ஒரு போனைச் சுற்றி நாலைந்து தலை. ஆட்டத்தை ஒழுங்காகத் தெரிந்தவர் ஒருவருமில்லை. கருத்து இல்லாதவரும் ஒருவருமில்லை!

சரி, திரைக்குப் பின்னால் போவோம். இருப்பதிலேயே சுவையான இடம் அந்தப் புள்ளிக்கணக்குதான்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நடுவர். விசில் ஊதுகிறவர் இல்லை, விருதுக்காக உட்கார்ந்து பார்க்கிறவர். ஆட்டம் முடிந்ததும் களத்தில் கண்ட மூன்று பேருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று போடுவார். தோற்ற அணிக்காரனுக்கும் போடலாம். மற்றவர்களுக்குச் சைபர். 2022 வரை இப்படித்தான். 2023இல் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள் என்று மாற்றினார்கள். இருவரும் தனித்தனியாக மூன்று, இரண்டு, ஒன்று போட வேண்டும். ஆக, ஓர் ஆட்டத்தில் ஒருவன் வாங்கக்கூடியது அதிகபட்சம் ஆறு.

இந்த ஒரு மாற்றத்தால் வந்த குழப்பம் இருக்கிறதே! 2022இல் நிக்கோ ஹைன்ஸ் 38 புள்ளி எடுத்து வென்றார். அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை. அடுத்த ஆண்டே கேலின் பொங்கா 56 எடுத்தார். உடனே ஒரு கூட்டம் "சாதனை, சாதனை" என்று குதித்தது. இன்னொரு கூட்டம் பென்சிலை எடுத்தது. ஒற்றை நடுவர் காலத்து 38ஐ இரட்டித்தால் 76. இரட்டை நடுவர் காலத்து 56ஐ இரண்டால் வகுத்தால் 28. இப்போது சொல்லுங்கள், யார் பெரியவர்? எங்கள் மேசையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை ஒருவர். ரக்பிப் பந்தை அவர் கையால் தொட்டதில்லை. ஆனால் கொழுந்து நிறுத்த அனுபவம் போதுமாக இருந்தது: தராசை மாத்திட்டு எடை கூடிருச்சுன்னு சொல்லக்கூடாது தம்பி என்று ஒரே போடாகப் போட்டார். நான் அவர் பக்கம்.

அதே 2023 பற்றி நியூசிலாந்துக்காரர்களிடம் இன்றைக்கும் பேச்செடுக்காதீர்கள். பொங்கா 56, வாரியர்ஸ் அணியின் ஷோன் ஜோன்சன் 55. ஒரே ஒரு புள்ளி! பருவம் முழுக்க இரண்டு நடுவர்கள் போட்ட அத்தனை எண்களிலும் எங்கேயோ ஓர் இரண்டு மூன்றாகியிருந்தால் கதை வேறு. அது எந்த ஆட்டம், எந்த நிமிடம் என்று தோண்டுவதற்கென்றே ஆள்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் பழிக்க மாட்டேன். நம் பக்கத்து மென்பந்துச் சுற்றுப்போட்டியில் தொடர் ஆட்டநாயகன் கேடயம் யாருக்குப் போனது என்பதைப் பற்றிப் பத்து வருடம் கழித்தும் கல்யாண வீட்டில் கை நீட்டுகிறவர்கள் நாம்.

இன்னொரு பெரிய வாய்ச்சண்டை நேதன் கிளியரி பற்றியது. பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கிண்ணம் வாங்கியபோது அதன் மூளை அவர். இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் கிளைவ் சர்ச்சில் பதக்கம் 2021இலும் 2023இலும் அவருக்கே. ஆனால் அந்த நான்கு வருடங்களில் ஒரு டாலி எம்கூட இல்லை! ஏன்? மருமகனின் விளக்கம் இது. பருவத்தின் நடுவில் நியூ சவுத் வேல்ஸுக்கும் குவீன்ஸ்லாந்துக்கும் மாநில மோதல் வரும். நல்ல ஆட்டக்காரனை மாநிலம் கூப்பிட்டுக்கொள்ளும். அந்த வாரங்களில் அவன் தன் கழகத்துக்கு ஆடாவிட்டால் புள்ளி எங்கிருந்து வரும்? "திறமைசாலிக்குத்தான் மாமா தண்டனை," என்றான். உடனே எங்கள் மேசையிலிருந்து எதிர்க்கேள்வி: அப்படியானால் 2021இல் டொம் டிரபோயவிச் எப்படி வென்றார்? காயத்தால் முதல் சில சுற்றுகளில் களமிறங்கவே இல்லை, மாநிலத்துக்கும் ஆடினார்; அப்படியிருந்தும் 35 புள்ளி. போனில் சத்தமில்லை. "சிக்னல் இல்ல மாமா." எங்களுக்குத் தெரியும், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இரகசியத்துக்கும் வருவோம். இவ்வளவு பூட்டுப் போட்டுக் காத்தும் 2020இல் குட்டு உடைந்தது. விழா முடியும் முன்பே ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வெற்றியாளர் பெயர் வெளியே வந்துவிட்டது: கன்பெராவின் ஜாக் வைட்டன். கிளியரிதான் என்று அடித்துச் சொன்னவர்கள் பாதி. அதற்குள் முடிவைப் படித்துவிட்டுத் தெரியாத மாதிரி உட்கார்ந்து விழா பார்த்தவர்கள் மீதி. அந்த முகங்களைப் பார்க்க நான் எதையும் கொடுப்பேன்.

பதக்கத்தின் பெயருக்கே ஒரு வேடிக்கை உண்டு. ஹேர்பர்ட் ஹென்றி மெசஞ்சர் என்ற ஆட்டக்காரரின் செல்லப்பெயர்தான் டாலி. குழந்தையில் தொப்பையும் தொந்தியுமாக இருந்தாராம். அந்தக் காலத்து அரசியல்வாதி வில்லியம் பீட் டாலியின் வயிறும் அப்படியே. ஒட்டிக்கொண்டது பெயர். ஆக, இன்றைக்குக் கோட்டும் சூட்டுமாக ஆள்கள் மேடையேறி வாங்குவது ஓர் அரசியல்வாதியின் தொப்பைப் பெயரை!

இந்த மெசஞ்சர் 1907இல் ரக்பி யூனியனை விட்டு லீக்குக்கு வந்தவர். யூனியன் நமக்குத் தெரிந்த விளையாட்டு. கண்டி நித்தவெலையில் இன்றைக்கும் கூட்டம் கூடுவது அதற்குத்தான். ரதல்லையிலும் தரவளையிலும் துரைமார் கிளப்புகளில் ஆடியதும் அதுதான். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். லீக்கில் பதின்மூன்று பேர், ஆறு டேக்கிளில் பந்தைக் கொடுத்துவிட வேண்டும், ஓட்டம் வேகம். இரண்டும் ஏன் பிரிந்தன என்று கேட்டால் மலையகத்தான் ஒருவனுக்கு அதிகம் விளக்கவே தேவையில்லை. வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். நம் பாஷையில் சொன்னால் ஒரு பேர் போச்சு, குறைந்தது அரைப் பேர். போன பேருக்கு ஆறு ஷில்லிங் கொடுங்கள் என்று கழகங்கள் கேட்டன. பெரிய வீட்டுப் பிள்ளைகள் நடத்திய சங்கம் முடியாது என்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்குக் கழகங்கள் தனியாகப் பிரிந்தன. பேர் பதியும் செக்ரோல் தகராறில் பிறந்த விளையாட்டு இது.

சிட்னியிலும் அதே கதை. அலெக்ஸ் பேர்டன் என்ற ஆட்டக்காரர் சவரத்தொழில் செய்தவர். 1907இல் ஆட்டத்தில் காயப்பட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். ஒரு சதம் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் புதிய லீக்காக முளைத்தது. அதை முளைக்க வைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? விக்டர் டிரம்பர்! கிரிக்கெட் பைத்தியங்கள் கும்பிடும் அதே டிரம்பர்தான். மெசஞ்சரை இழுக்க அவருடைய அம்மாவிடம் போய் முதலில் சம்மதம் வாங்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பெண் கேட்கப் போன மாதிரி அந்தக் காட்சியை நினைத்து எங்கள் மேசை அரைமணி நேரம் சிரித்தது.

கூலிச் சண்டை அதோடு தீரவில்லை. 2003இல் கூட்டு ஒப்பந்தப் பேச்சு இழுபட்டது. ஆட்டக்காரர்கள் விழாவுக்கே வர மாட்டோம் என்றார்கள். அந்த வருடம் டாலி எம் விழா நடக்கவில்லை. கூட்டு ஒப்பந்தம் என்ற சொல் போனில் கேட்டதும் எங்கள் கணக்கப்பிள்ளை வடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிமிர்ந்தவர் கேட்ட கேள்விதான் அன்றைய ஆட்டத்தையே திருப்பிவிட்டது. "தம்பி, இந்த முன்னுக்கு நின்னு இடி வாங்குறானுங்களே, அவனுங்களுக்கு எத்தன தடவ கெடச்சிருக்கு?"

பிராப் என்பார்கள் அவர்களை. எட்டும் பத்தும் போட்ட சட்டை. எதிரணி மதிலை நோக்கித் தலையைக் குனிந்து ஓடி, மூன்று பேர் மேலே விழ, எழுந்து, மறுபடி ஓடுகிறவர்கள். அவர்கள் பறித்துக் கொடுத்த பத்து மீற்றரில்தான் பின்னால் நிற்கும் ஹாஃப்பேக் ஒய்யாரமாகப் பந்தைப் போடுகிறான், ஃபுல்பேக் பறக்கிறான். மூன்று, இரண்டு, ஒன்று எழுதுகிற கண்ணுக்குத் தெரிவது கடைசிப் பறப்பு. 2018 முதல் 2024 வரை பதக்கம் வாங்கிய ஆண்கள் ஏழு பேர்: நால்வர் ஃபுல்பேக், மூவர் ஹாஃப். 2016இல் லொக் என்ற முன்கள இடத்தில் ஆடிய ஜேசன் டௌமலோலோவுக்குக் கிடைத்தது, அதுவும் கூப்பர் குரொங்க் என்ற ஹாஃப்பேக்கோடு சமமாகப் பங்கு போட்டு. பிரிஸ்பேனின் பெய்ன் ஹாஸ் பலமுறை ஆண்டின் சிறந்த பிராப் என்று தேர்வானவர். பெரிய பதக்கம் இவர்களுக்கு எப்போது வரும் என்று கேட்டால், நல்லா ஆடுறான்தான், ஆனா கண்ணுல படலயே என்று பதில் வரும். கண்ணைக் குறை சொல்லாமல் ஆளைக் குறை சொல்கிற இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதேயில்லை.

"பொறுங்க பொறுங்க," என்றான் மருமகன். "பிராப்புக்குக் கெடச்சிருக்கு."

யாருக்கு? மில்லி போயிலுக்கு. பெண்கள் லீக்கில்! 2021 பருவம் கொரோனாவால் தள்ளிப்போய் 2022 தொடக்கத்தில் நடந்தது. அதன் பதக்கத்தைப் பிராப்பான மில்லி போயிலும் ஃபுல்பேக்கான எம்மா டொனிகாட்டோவும் சமபுள்ளியில் பகிர்ந்துகொண்டார்கள். முன்னுக்கு நின்று இடி வாங்குகிறவரும் பின்னால் பறக்கிறவரும் ஒரே மேடையில். 2024இல் பெண்கள் பதக்கம் ஒலிவியா கேர்னிக்குக்குப் போனது. அவர் லொக், அதாவது முன்களத்துக்காரி.

அதுவரை உலையில் கெத்தலைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நின்ற கடைக்கார அக்கா, "பொம்பளைங்க ஆடுறதயும் போடுங்களேன், பாப்போம்," என்றார். போன் அவர் பக்கம் திரும்பியது. எங்களுக்கு அவருடைய தோள்தான் தெரிந்தது.

கணக்கப்பிள்ளை விடவில்லை. 2017இல் வென்ற கெமரன் ஸ்மித் ஹூக்கர்தானே, ஹூக்கர் முன்களத்துக் கணக்கில்தானே வருகிறான், அவனை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். ஹூக்கர் இடி வாங்குகிறவன் இல்லை, பந்து கொடுக்கிறவன் என்றான் மருமகன். செக்ரோலில் எந்தப் பக்கம் எழுதியிருக்கோ அந்தப் பக்கம்தான் என்றார் இவர். உடரட்டை பஸ் வந்து ஹோர்ன் அடித்தும் அவர் எழவில்லை. அடுத்த பஸ் இருக்கிறது என்றார்.