வார்னிஷ் பளபளப்பை நம்பாதீர்கள்

திருகோணமலையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சித்திரையில் மினுங்குகிற மர பார் கவுண்டர்களைத் தை மாதம் போய்ப் பாருங்கள். மேற்பலகை வெடித்திருக்கும், கால் உளுத்திருக்கும், ஆணித்தலையிலிருந்து துருக்கறை வழிந்திருக்கும். "மரம் சரியில்லை" என்று ஓடாவியைத் திட்டிவிட்டு, அடுத்த சீசனுக்கும் அதே பிழையைத்தான் செய்கிறார்கள். வாடை மழை வருஷா வருஷம் வருவது தெரியாதா?

தண்ணீர் அதிகமாய்ப் புகுவது பலகையின் முகத்தால் அல்ல. அறுத்த முனையாலும், ஆணித்துளையாலும், நிலத்தைத் தொடும் காலாலும்தான். ஆகவே பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் எல்லாப் பக்கமும் பூசுங்கள், அறுத்த முனைக்கு இன்னும் இரண்டு பூச்சு. காலைச் சீமெந்துக்குள் புதைக்க வேண்டாம்; நிலத்திலிருந்து உயர்த்தி இரும்புத் தாங்கியில் நிறுத்துங்கள். மேற்பலகைக்குச் சற்றுச் சரிவு வேண்டும். உப்புக்காற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஆணிதான் சரி, 304 கறைபிடிக்கும். பூச்சு, புறஊதாக் கதிரைத் தாங்கும் மரைன் வார்னிஷாக இருக்கட்டும். எப்பொக்ஸியை மட்டும் பூசினால் வெயிலில் சிதையும்.

கறையானுக்கென்று கழிவு ஒயில் பூசுகிறார்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். புற்றுநோய் தரும் பொருட்கள் உள்ள எண்ணெயைச் சாப்பாடு வைக்கும் பலகையில் பூசலாமா? லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள்.

இனிக் காகிதங்கள். முதிரை, பாலை மரங்களை வாங்கினால் லொறியில் ஏற்றுமுன் வனத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். "பிறகு தாறன்" என்றால் மரமே வேண்டாம். பிடிபட்டால் வாகனமும் பறிபோகலாம். பெண்பனையும் பலாவும் சொந்த வளவில் நின்றாலும் தறிக்க அனுமதி தேவை.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கரையோர வலயம் சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர். அதற்குள் நிலையாகக் கட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். "மரந்தானே" என்ற பதில் இடிக்க வருபவரிடம் செல்லாது. குழி தோண்டுமுன், உப்புவெளியார் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலும், நிலாவெளியார் குச்சவெளியிலும் விசாரியுங்கள். "நாளைக்கு வாங்கோ" என்று அலைக்கழித்தால் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மது விற்பதானால் மதுவரித் திணைக்கள உரிமம் வேறு.

மிக அதிகம் பேர் கோட்டைவிடுவது, வாங்கிய பொருள் பழுதானால் முறைப்பாடு செய்யும் தவணையில்தான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு (2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம்) முறைப்பாட்டை எழுத்துமூலம், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுதைக் கண்ட நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து! சித்திரையில் வாங்கிய வார்னிஷ் மார்கழியில் உரிந்தால் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே ஆணியையும் வார்னிஷையும் புரட்டாதியில், மரம் காய்ந்திருக்கும்போது வாங்கிப் பூசுங்கள். பொருள் போலியென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையே காட்டித்தரும், தவணையும் மிஞ்சியிருக்கும். பற்றுச்சீட்டில் "316", "வெளிப்புற மரைன் வார்னிஷ்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பற்றுச்சீட்டு, வெறும் தகரம், படங்கள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். விவரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.