வீட்டிலிருந்தே ஆறாம் படிவம்



ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட பிள்ளைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். எஸ்.பி.எம். எழுதி முடித்ததும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்ட மகன் ஒரு வீட்டில் இருப்பான். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டோடு நின்றுவிட்ட மகள் இன்னொரு வீட்டில் இருப்பாள். "அவ்வளவுதான், படிப்பு முடிந்தது" என்று பெற்றோரும் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது முடிந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தின் வாசலுக்குக் கொண்டுசெல்லும் எஸ்.டி.பி.எம். தேர்வைப் பள்ளிக்குப் போகாமல், வீட்டிலிருந்தே படித்து, தனித் தேர்வாளராகவும் எழுதலாம். மலாயில் இவர்களைக் 'காலோன் பெர்செண்டிரியான்' என்பார்கள்.

தொடங்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்து, போய்வரவும் வழி இருக்குமானால், பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்புங்கள். ஆசிரியரும் நண்பர்களும் நூலகமும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய வசதி. நான் சொல்லப்போகும் வழி, அந்த வசதி கிட்டாதவர்களுக்கு உரியது.

எஸ்.டி.பி.எம். என்பது என்ன? முன்பு கேம்பிரிட்ஜோடு இணைந்து நடத்தப்பட்ட எச்.எஸ்.சி. தேர்வுக்குப் பதிலாக வந்தது இது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியத் தேர்வு மன்றம் இதனை 1982 முதல் நடத்திவருகிறது. பழைய முறையில் ஒன்றரை ஆண்டுப் படிப்பு முழுவதையும் இறுதியில் ஒரே மூச்சில் எழுத வேண்டியிருந்தது. 2012-இல் புகுத்தப்பட்ட முறையில் படிப்பு மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே தேர்வு வைக்கப்படுகிறது. ஒரு தவணையில் புள்ளி குறைந்தால் மறுதேர்வு எழுதவும் வழியுண்டு. வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு இது உதவியானது. பெரிய மூட்டையை மூன்று சுமைகளாகப் பிரித்துத் தூக்குவதைப் போன்றது.

இதற்கு எஸ்.பி.எம். சான்றிதழ்தான் அடித்தளம். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறினால்தான் அந்தச் சான்றிதழே கைக்கு வரும். பல்கலைக்கழகத்துக்கோ மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். இவற்றில் குறை இருந்தால் முதலில் மறுதேர்வு எழுதிச் சரிசெய்துகொள்ள வேண்டும். அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது.

அடுத்து, எந்தப் பாடங்களை எடுப்பது? பெரும்பாலோர் நான்கு பாடங்கள் எடுப்பார்கள். அவற்றுள் 'பெங்காஜியான் ஆம்' எனப்படும் பொது அறிவுப் பாடம், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்புகிறவர்கள் விட்டுவிட முடியாத பாடம். அதை மலாயில் எழுத வேண்டும். மற்ற மூன்றும் நாம் தேர்ந்தெடுப்பவை. வேதியியல், உயிரியல் போன்றவற்றுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படுவதால் வீட்டிலிருந்து படிப்பவருக்குச் சிரமம். தமிழ்மொழி, வரலாறு, வாணிபவியல், பொருளியல் ஆகியவை புத்தகமும் உழைப்பும் இருந்தால் படிக்கக்கூடியவை. தமிழை எடுத்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கிவருகிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்விக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. தமிழ் படித்தவருக்கும் மேலே போக வழி இருக்கிறது.

பாடங்களை முடிவு செய்ததும் பதிவு. தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிடும். தேதியைத் தவறவிட்டால் எவ்வளவு படித்திருந்தாலும் அந்தத் தவணை போயிற்று. ஆகவே தேர்வு மன்றத்திலோ மாநிலக் கல்வி இலாகாவிலோ முன்கூட்டியே விசாரித்து, தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். சில பாடங்களுக்குத் தேர்வுத்தாள் மட்டுமல்லாமல் இடுபணியும் உண்டு. தனித் தேர்வாளர் அதை எவ்வாறு செய்வது, எங்கே ஒப்படைப்பது என்பதையும் பதியும்போதே கேட்டுவிடுங்கள். இணையத்தில் பதிவு செய்யத் தெரியாதவர்கள், தெரிந்த ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். முதலில் வாங்க வேண்டியது தடித்த வழிகாட்டி நூல் அன்று. பாடத்திட்டமும் கடந்த ஆண்டு வினாத்தாள்களும்தான் முதலில் தேவை. தேர்வு எதைக் கேட்கும் என்பதைப் பாடத்திட்டம் சொல்லும், எப்படிக் கேட்கும் என்பதை வினாத்தாள் சொல்லும். இவ்விரண்டும் இல்லாமல் படிப்பது, எல்லைக்கல் தெரியாத காட்டில் மரம் வெட்டப் போவதற்குச் சமம்.

பிறகு நேரக் கணக்கு. வேலைக்குப் போகும் பிள்ளையால் நாளெல்லாம் படிக்க முடியாது. இரவில் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 12 மணி நேரம் ஆகிறது. நான்கு பாடங்களுக்குப் பங்கிட்டால் பாடத்துக்கு 3 மணி. இருபது வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் 60 மணி நேரம் சேர்ந்துவிடும். ஒரு தவணைக்கு இது நல்ல முதல். ஆனால் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புத்தகத்தைத் திறந்தால், ஊண் உறக்கம் விட்டாலும் இந்தக் கணக்கை எட்ட முடியாது.

அந்த இரண்டு மணி நேரமும் வாசித்துக்கொண்டே இருப்பது போதாது. பாடத்தை ஒருமுறை கவனமாகப் படித்த பின் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். விடுபட்டதை மட்டும் மீண்டும் படிக்க வேண்டும். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை இதேபோல் எழுதிப் பார்த்தால் பாடம் மனத்தில் ஊன்றிவிடும். சனி, ஞாயிறுகளில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, பழைய வினாத்தாளுக்குத் தேர்வு நேரத்துக்குள் விடை எழுத வேண்டும். தெரிந்தும் நேரம் போதாமல் கோட்டைவிடுகிறவர்கள் பலர். எழுதிய விடையைத் திருத்த ஒருவர் வேண்டும். பழைய ஆசிரியரை அணுகுங்கள். மாதம் இரண்டு கட்டுரையைத் திருத்தித் தர மாட்டேன் என்று சொல்லும் ஆசிரியர் அரிது.

ஆங்கிலத்தையும் மறக்கலாகாது. பல்கலைக்கழகத்துக்குப் போக மூவெட் எனும் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். 1999 முதல் நடந்துவரும் இத்தேர்வில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகள் உள்ளன. வானொலியில் ஆங்கிலச் செய்தியைத் தினமும் கேட்பது முதல் பகுதிக்குப் பயிற்சி. பேசும் பகுதிக்குத் துணை தேவை. பக்கத்து வீட்டில் இன்னொரு பிள்ளையும் எழுதுவதாக இருந்தால், இருவரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு தவறு வந்தாலும் கூசாமல் பேசிப் பழகட்டும்.

பெற்றோர்களே, "நாங்கள் படிக்காதவர்கள், எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நம் நாட்டு வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1946-இல் ஆங்கிலேயர் மலாயன் யூனியனை அமைத்தார்கள், 1948-இல் கைவிட்டார்கள். பிள்ளை இதை மலாயில் படித்திருப்பான். அடுப்படியில் இருக்கும் அம்மாவிடம் அதையே தமிழில் கதையாகச் சொல்லட்டும். அம்மா, "ஏன் கைவிட்டார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தவன் அங்கே தடுமாறுவான். சுல்தான்களின் அதிகாரம் பறிபோனதையும், குடியுரிமை தாராளமாக வழங்கப்படவிருந்ததையும், மலாய் மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததையும் புரிந்துகொண்டவன் விளக்கிச் சொல்வான். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தவனுக்குத் தேர்வுத்தாளில் எழுதவும் தெரியும். எழுத்தறியாத தாயும் இப்படி நல்ல ஆசிரியை ஆகலாம்.

அதோடு, அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மேசையும் நல்ல விளக்கும் கொடுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள். அந்நேரத்தில் கடைக்குப் போய்வா என்று அனுப்பாதீர்கள். மகளாக இருந்தால், இரவுப் பாத்திரங்களை அண்ணன் தம்பியரும் பங்கிட்டுக் கழுவட்டும். "வேலைக்குப் போகிறவனுக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், பிள்ளைக்காக நீங்கள் பதில் சொல்லுங்கள்.

தேர்வுத்தாளைத் திருத்துகிறவர், இதை எழுதியவன் பள்ளி மேசையில் படித்தானா, வீட்டுச் சமையலறையில் படித்தானா என்று பார்ப்பதில்லை. விடையைத்தான் பார்க்கிறார். பதினெட்டு வயதில் நின்றுபோன படிப்பை இருபதிலும் தொடரலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்றிரவே அருகில் அமர்த்தி, "மறுபடியும் படிக்கிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள்.