சோளகத்துக்கு மெழுகு, மாரிக்கு ஒயில்

வடபகுதிக்கு எரிபொருள் கொண்டுசெல்வது 1990 இல் தடைசெய்யப்பட்டபோது எமது மக்களைத் தாங்கியது துவிச்சக்கரவண்டி. விறகு, மீன், நெல்மூட்டை, நோயாளி எல்லாம் அதிலேதான் சென்றன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த குடும்பங்கள் பலவற்றின் மிஞ்சிய உடைமை, ஒரு சைக்கிளின் கரியரில் கட்டக்கூடிய அளவாகவே இருந்தது. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற வேளையில் தெற்கிலுள்ளவர்களும் சைக்கிளைத் தேடினார்கள். அந்த நெருக்கடி தணிந்துவிட்டது. ஆனால் கிராமத்தில் கூலிவேலைக்குப் போகிறவருக்கும் பெட்டி கட்டி மீன் விற்பவருக்கும் இன்றும் சைக்கிள்தான் வாகனம். செயின் அறுந்தால் அன்றைய உழைப்பு இல்லை.

இந்தச் செயினுக்கு எதைப் பூசுவது? சிறிய கேள்விதான். ஆயினும் இதில் நானே பிழைவிட்டவன் என்பதால் எழுதத் துணிகிறேன்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் நான் பணியாற்றிய ஒரு பங்கில், சைக்கிள் பராமரிப்பு என்ற பெயரில் ஒரு சிறு திட்டத்தைத் தொடங்கினோம். கராஜில் கழித்துவிடும் பழைய எஞ்சின் ஒயிலை வாங்கி, போத்தல்களில் அடைத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். செலவில்லாத உதவி என்று எனக்குள் ஒரு பெருமை. சோளகக் காற்று தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். மீன் வியாபாரி ஒருவர் அறுந்த செயினைக் கையில் தூக்கிக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். "சுவாமி, குறை நினைக்கக்கூடாது. போன வருசம் ஒண்டும் பூசாமல் ஓடினனான். அது கீச்சிட்டதே தவிர அறேல்லை. இந்தமுறை நீங்கள் தந்ததை நல்லாய்ப் பூசினன், அறுந்துபோச்சு" என்றார். செயினைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்புக் களியைப் போல ஒன்று விரலில் ஒட்டியது. தேய்த்துப் பார்த்தால் அத்தனையும் மணல்.

காரணத்தை விளங்கிக்கொள்ளச் செயினின் அமைப்பை அறியவேண்டும். 1880 இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் றெனோல்ட் என்பவர் உருவாக்கிய உருளைச் செயினே இன்றும் சிறு மாற்றங்களுடன் எமது சைக்கிள்களில் ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, அதைச் சுற்றி ஒரு குழல், அதற்கு மேல் ஓர் உருளை. தேய்வது ஊசிக்கும் குழலுக்கும் இடையில், அதாவது கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில். எண்ணெய் வேண்டியதும் அங்கேதான். வெளிப்பக்கத்தில் வழியும் எண்ணெய் தூசியைப் பிடிக்கிறதே அல்லாமல் வேறு பயன் தருவதில்லை. எமது மணலின் பெரும்பகுதி படிகக்கல் துகள். அது சாதாரண இரும்பைவிடக் கடினமானது. எண்ணெயோடு சேர்ந்தால் அது அரைக்கும் பசையாகிறது. நாம் கொடுத்த கழிவு ஒயிலிலோ எஞ்சினில் தேய்ந்த உலோகத் தூளும் கரியும் ஏற்கெனவே இருந்தன. அது தோலுக்கும் கேடானது. மிஞ்சியதைக் கிணற்றடியில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைச் சுன்னாகத்தவர்களிடம் கேட்கலாம். அங்கு நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கு 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது.

நகரக் கடைகளில் 'உலர்' ஒயில், 'ஈர' ஒயில் என இருவகைப் போத்தல்கள் விற்கிறார்கள். உலர் வகையைப் பூசியதும் அதிலுள்ள திரவம் ஆவியாகி, மெழுகு போன்ற ஒரு படலம் மட்டும் எஞ்சுகிறது. தூசி அதிகம் ஒட்டாது. ஆனால் ஒரு பெருமழையில் கழுவுண்டு போகும். ஈர வகை தடிப்பானது. மழைக்கு அசையாது, புழுதியையும் விடாது. இரண்டில் எது நல்லது என்று கேட்பதைவிட, எந்தக் காற்றில், எந்தப் பாதையில் ஓடுகிறோம் என்று கேட்பதே பொருத்தம். வைகாசி முதல் புரட்டாதிவரை புழுதி. ஐப்பசி முதல் தைவரை மழை. எமது காலநிலையே விடையைத் தந்துவிடுகிறது.

அந்த விலை கொடுக்க எல்லோராலும் முடியாது. உலர் வகைக்கு ஈடாக எமது கோவில்களில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரித் துண்டுகள் உண்டு. செயினைக் கழற்றி, அடுப்புக்குத் தூரத்தில் வைத்து, மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, வெயிலில் முற்றாகக் காயவிடவேண்டும். ஈரமோ மண்ணெண்ணெயோ இருந்தால் மெழுகு பிடிக்காது. மெழுகை ஒரு ரின்னில் இட்டு, அந்த ரின்னைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குங்கள். நேரே நெருப்பில் வைத்தால் தீப்பற்றும். பிள்ளைகளிடம் இந்த வேலையை விடவேண்டாம். செயினை அதில் பத்து நிமிடம் அமிழ்த்தினால் குமிழிகள் வந்து அடங்கும். தூக்கித் தொங்கவிட்டு, சூட்டோடு துடைத்து, ஆறியபின் ஒவ்வொரு கண்ணியையும் கையால் அசைத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது பூட்டுக் கண்ணியின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கவேண்டும். மறந்தால் வழியில் கழன்றுவிடும்.

மாரியில் புதிய எஞ்சின் ஒயில் போதும். ஒரு போத்தல் பல வீடுகளுக்குக் காணும். கண்ணிக்கு ஒரு துளி வீதம் உருளைகளின் மேல் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் பழைய சாரத் துண்டால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைக்கவேண்டும். பூசுவதைவிடத் துடைப்பதுதான் முக்கியம். மெழுகு வேலை பெரும் சிரமம் என்பவர்கள் கோடையிலும் தையல் மெசின் ஒயிலை இப்படியே விட்டுத் துடைக்கலாம். உண்மையில் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். முழுச் செயின் கவர் உள்ள சைக்கிளுக்கு ஆண்டு முழுவதும் ஒயில் ஆகும். தள்ளாடியிலிருந்து தாம்போதி வழியே மன்னார்த் தீவுக்கு நாளாந்தம் ஓடுகிறவர்களுக்கும் ஒயிலே நல்லது, ஏனெனில் அங்கு புழுதியைவிட உப்புக்காற்றே பகை. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் அவசரத்துக்கு உதவும். நாட்பட்டால் பிசுபிசுத்துப் புழுதியை இழுக்கும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்பதை அறியப் பிள்ளைகளின் அடிமட்டம் போதும். புதிய செயினில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலத்தைத் தாண்டி எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்றவேண்டும். தாமதித்தால் முன் பற்சில்லும் பிறீவீலும் சேர்ந்து தேய்ந்து, செலவு மும்மடங்காகும்.

அந்த மீன் வியாபாரிக்குப் புதிய செயின் வாங்கிக் கொடுத்தோம். மீதிப் போத்தல்களை வீடுவீடாகத் திரும்பச் சேகரித்தோம். கொடுக்கும்போது இருந்த உற்சாகம் அப்போது எனக்கு இருக்கவில்லை. அவர் பெரிய வெள்ளி கழிந்ததும் வந்து மெழுகுத் துண்டுகள் கேட்பார். திருநாளுக்கு முந்திய வாரமும் கேட்பார். அடுத்த சோளகம் முடிந்து நாம் அளந்தபோது அவருடைய செயின் 12 அங்குலத்தை இன்னும் தாண்டியிருக்கவில்லை.