துப்பாக்கிக்கும் அளவு எடுக்க வேண்டும்!

கடையம் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? மகாகவி பாரதியாரின் மனைவி செல்லம்மாள்தானே? அவருடைய பிறந்த ஊர் அது. தென்காசிச் சீமையில், மலையடிவாரத்தில், வயல்கள் சூழ்ந்த ஊர். இத்தகைய ஊர்களில் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பது பெரும்பாடு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டமே பயிர்க் காவல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் வைத்திருக்கிறது.

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி பேரனுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழல் இரும்பு, துடைத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும். பின்னால் உள்ள மரக்கட்டைதான் முதலில் கெடும். எண்ணெய் போட்ட துப்பாக்கியை நிமிர்த்தியே வைத்தால், எண்ணெய் வடிந்து மரத்தில் ஊறி அதை நைய வைத்துவிடும்!

புதுக் கட்டைக்கு அக்ரூட் மரமே உசிதம். கனம் குறைவு, அதிர்ச்சி தாங்கும், எளிதில் பிளக்காது. ஸ்ரீநகரில் ரைனாவாரிப் பகுதித் துப்பாக்கித் தொழிலாளர்களுக்குக் காஷ்மீர் அக்ரூட்தான் கைவந்த மரம்.

ரவிக்கைக்குப் போலவே இதற்கும் அளவு உண்டு. விசையிலிருந்து தோளில் படும் முனைவரை, சாதாரண ஆண்பிள்ளைக்குச் சுமார் 14 அங்குலம். நீளம் அதிகமானால் கட்டை அக்குளில் மாட்டும். குறைந்தால் சுடுகிறவரின் கட்டைவிரலே அவர் மூக்கில் குத்தும்! தாத்தாவின் அளவு பேரனுக்குப் பொருந்த வேண்டுமென்பதில்லை.

பொருத்துவது எப்படி? நாம் கண்மைக்கு எடுக்கிறோமே, அந்த விளக்குப் புகைதான் இதற்கும் கருவி. இரும்பில் அதைத் தடவி மரத்தில் அழுத்துவார்கள். கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் இழையளவு செதுக்குவார்கள். மறுபடி தடவி, மறுபடி அழுத்தி, எங்கும் சமமாகப் படியும்வரை விடமாட்டார்கள். வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறதல்லவா? அந்த உதை ஒரே இடத்தில் விழுந்தால் கட்டை பிளந்துவிடும். கடைசியில் ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

ஒரு ஜாக்கிரதை! எத்தனை கெட்டிக்கார ஆசாரியானாலும், ஆயுத லைசென்ஸ் இல்லாதவரிடம் துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொடுக்கக் கூடாது, சட்டம் தடுக்கிறது. லைசென்ஸ் இருக்கிறதென்று காட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பவும் முடியாது; 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

இன்னொன்று. கருமருந்துக் காலத்துக் குழலில் இந்தக் காலத்துத் தோட்டாவைப் போட்டால் குழலே வெடித்துவிடலாம். கட்டை பளபளவென்று புதிதாக இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர் குழலைச் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை, தாத்தாவின் துப்பாக்கி பூட்டிய பீரோவிலேயே இருக்கட்டும்!